ஊசிக்குப் பின் வரும் பால்கோவா

குழந்தைக்கு ஊசி போடுமுன் பரிசு என்னவென்று சொல்லிவிட வேண்டும்; ஊசி முடிந்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும். இதுதான் விதி. சுகாதாரத் துறையில் இருந்தவரை இதை ஊருக்கெல்லாம் சுற்றறிக்கையாக அனுப்பியவன் நான்.

ஓய்வு பெற்ற பின் பேத்திக்கு வாரம் ஒரு ஊசி போட வேண்டி வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போவோம். ஜன்னலுக்கு வெளியே மலை, மேகத்தில் கரைவதும் திரள்வதுமாகக் கூடவே வரும். ஊசி முடிந்ததும் சூடான பால்கோவா. அழுகை குறைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணமில்லாமல் வீட்டுக்கே பால்கோவா வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பார்த்ததும் அவள் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கும் ஊசியா தாத்தா?"

"இல்ல தாயி, சும்மாதான்."

"பொய் சொல்லுதீய. சும்மா நீங்க எதுவுமே வாங்க மாட்டீய."

பால்கோவாவைக் கண்டு நடுங்கும் ஒரு குழந்தையை, அதுவும் இந்தப் பக்கத்தில், விதி பிசகாமல் உருவாக்கியிருந்தேன். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரங்களில் ஊசி பரிசில்லாமல் நடந்தது. அழுகை திரும்பி வந்தது. திரும்பும் வழியில் அவள் பாதித் தூக்கத்தில் மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்க் கூட்டத்துக்கு மேலே என் தோளில் மிதந்துகொண்டிருந்தவள் காதருகே குனிந்தாள்.

"நர்சக்கா 'போடட்டுமா'ன்னு என்கிட்ட கேக்கணும் தாத்தா. நான் சரின்னு சொன்ன பொறவுதான் போடணும். எனக்கு அதான் வேணும்."

அன்று ஆடிப்பூரம்.