இளஞ்சிவப்புக் கறியும் முதல் பந்தியும்

ஊர் விருந்துக்குப் புகைக் கறி எடுபடுமா என்று பலர் கேட்கிறீர்கள். எனக்கே தெரியாது. அதைப் பார்க்கத்தான் போன மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரி பக்கம் போனேன்.

நண்பர் தயாளன் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வெல்டர். இரண்டு இரும்பு டிரம்களை ஒட்டி, ஒன்றில் நெருப்பு, மற்றதில் கறி என்று தானே ஒரு ஸ்மோக்கர் செய்திருக்கிறார். மச்சான் மகளின் காதுகுத்துக்கு எண்பது பேருக்குச் சமைப்பதுதான் அவருடைய முதல் விருந்து. வேறு சமையல்காரர் வேண்டாம் என்று தன் அண்ணனிடம் அடித்துச் சொன்னது தயாளனின் மனைவி ரேவதி. சொதப்பினால் பிறந்த வீட்டில் அவர் தலைதான் குனியும்.

அம்பத்தூரில் ஐந்து மணிக்குக் கிளம்பினேன். திருத்தணி வழியாக 90 கிலோமீட்டர், பெட்ரோல் 200 ரூபாய், வழியில் இட்லி 60 ரூபாய். 7.45க்குச் சேர்ந்தபோது பத்து ஆட்டுத் தொடைகள் மாங்கட்டைப் புகையில் இரண்டு மணி நேரத்தைக் கடந்திருந்தன. முந்தின நாள்தான் குழந்தைக்குத் திருமலையில் மொட்டை. அலிபிரியிலிருந்து நடந்து ஏறியவர்கள் முழங்காலைத் தடவிக்கொண்டே மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், நல்ல பசி.

12.40க்கு முதல் தொடையை வெட்டினார். மேலே கருத்த மொறுமொறுப்பு, அதற்குக் கீழே அரை விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு. புகை நன்றாக இறங்கியதற்கு அதுதான் அடையாளம். எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. ஆனால் நம் ஊரில் சிவப்பு என்றால் வேகவில்லை என்று அர்த்தம்.

"செவப்பா கீதே மாப்ள. எல்லாத்தையும் அண்டாவுல போட்டு வேக வச்சிடலாம்" என்றார் ரேவதியின் அண்ணன்.

நான் தெர்மாமீட்டரைக் கறியில் குத்தி, 93 டிகிரி செல்சியஸ், உள்ளே நன்றாக வெந்துவிட்டது என்று தமிழிலும், எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலும் சொன்னேன். ஆட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிறவனைப்போல் என்னைப் பார்த்தார்கள். தயாளன் முகம் செத்துவிட்டது. அவரே அண்டாவைத் தேட ஆரம்பித்தார்.

ரேவதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தயாளனிடம் வந்தார்.

"வெந்துச்சா?"

"வெந்துச்சி."

விருந்து வைக்கும் வீட்டுப் பெண்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். ரேவதி முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார்ந்து அந்தச் சிவப்புத் துண்டையே கேட்டார். எலும்பைப் பிடித்து இழுத்தார். கறி ஒட்டாமல் அப்படியே வந்தது. எண்பது பேர் பார்க்க நிதானமாகச் சாப்பிட்டார். "உக்காருண்ணா, ஆறிப்போவுது" என்றார். அண்ணன் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பிறகு பந்தி நிரம்பிவிட்டது.

நீங்களும் செய்வதாக இருந்தால்: எண்பது பேருக்குப் பத்துத் தொடை, நன்றாகக் காய்ந்த மாங்கட்டை, குறைந்தது ஏழு மணி நேரம். தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், ஆனால் அதை நம்பி யாரும் சாப்பிடப்போவதில்லை. எலும்பை எல்லோர் முன்னாலும் உருவிக் காட்டுங்கள்.

கிளம்பும்போது ரேவதியிடம், சிவப்பைப் பார்த்துப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயந்துகினேதான் துன்னேன். அவரு வெந்துச்சின்னு சொன்னாரே."