முட்டிச் சில்லுக்கு இரண்டு சாம்பிள்

ஓசூர் எலும்பு ஆஸ்பத்திரி வரிசையில் அவரைச் சந்தித்தேன். ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். என்னைப் போலவே அவருக்கும் முட்டிச் சில்லு அடிக்கடி நழுவும். கூட்ட பஸ்ஸில் பர்ஸைப் பிடிப்பதுபோல் அதை உள்ளங்கையால் அழுத்தியே வைத்திருந்தார். தசைநாரை மட்டும் புதிதாகக் கட்டுவதா, எலும்பையும் நகர்த்துவதா என்று நாங்கள் இருவருமே அன்றே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

"சாம்பிள் பாக்காம ஓகே பண்ண மாட்டேன் தம்பி" என்றவர், ஆளுக்கொரு முறையில் ஆபரேஷன் முடித்திருந்த இருவரைப் பிடித்தார்.

"அண்ணா, ஒருக்கா குந்தி எந்திரிங்க."

சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

"இன்னும் கீழ, இப்படி" என்று தானே குந்திக் காட்டினார். சில்லு நழுவியது. அலறியவரை இருவரும் ஆளுக்கொரு தோள் கொடுத்துத் தூக்கினார்கள்.

அந்த வலியிலும் அவர்கள் கால்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஆடலையே தம்பி, எதை ரிஜெக்ட் பண்றது?"

அவரை நம்பித்தான் நானும் முடிவெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.