வெட்டி வேலை

குமாரபாளையத்தில் என் மனைவி தறி ஓட்டினாள். நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் விசைத்தறிப் பட்டறை ஓனர் பத்துப் பேர் முன்னால், "ரோபோவாட்டம் வேலை செய்யறியே சாமி" என்று அவளிடம் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து சோறு ஆக்கும்போதும் அதே பேச்சு. இருபது வருஷத்தில் அவளை யாரும் பாராட்டியதில்லை, நான் உட்பட.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் அதன் குலம் கோத்திரம் சொல்லாமல் விடமாட்டேன். அப்படி ஒரு வியாதி.

"அது ஐரோப்பாவுல ஒரு நாடகத்துக்காக உண்டாக்கின வார்த்தை. அந்த ஊர்ப் பாஷையில அதுக்கு மூலம் என்ன தெரியுமா புள்ள? வெட்டி வேலை."

பழைய தமிழில் வெட்டி என்றால் ஊருக்கோ பண்ணைக்கோ கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலை. இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது என்ற பூரிப்பில் இருந்தேன். இன்றைக்கு வெட்டி என்றால் என்ன அர்த்தம் என்பது அந்த நேரத்தில் மறந்தே போயிற்று. தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவள், நான் பேசியதில் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டாள்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, நான் பண்றது வெட்டி வேலைங்களா?"

பதறிப்போய் அவள் காதருகே உரக்க விளக்கினேன். "வீண் வேலை இல்ல புள்ள. கூலி குடுக்காம வாங்கற வேலை."

கரண்டியை மறுபடி எடுத்தாள். "பட்டறையில வாராவாரம் கூலி குடுத்தர்றாங்களே. அப்ப அந்த வார்த்தை அங்க சேராதுங்க. இந்த ஊட்டுக்குத்தான் சேரும்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? சிரித்தேன். மறுநாள் வகுப்பில் அதையே வேடிக்கையாகச் சொல்லி மாணவர்களையும் சிரிக்கவைத்தேன். பெரிய அறிவாளி! அதற்கப்புறம் ரோபோ என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. கிடைத்த ஒரே பாராட்டையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, பட்டறைக்குக் கிளம்பியவள் வாசலிலேயே விழுந்தாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த நாள் துக்கம் கேட்க வந்த ஓனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோபோவாட்டம் இருந்த புள்ளைங்க" என்று கண் கலங்கினார். நல்ல மனிதர். அவருக்கு அந்தச் சொல்லின் மூலம் தெரியாது. "ஆமாங்க" என்றேன்.

அவர் போனபிறகு அடுப்படிக்குப் போனேன். முந்தின நாள் காலை எனக்காக அவள் கட்டிவைத்த சாப்பாடு டப்பாவில் அப்படியே ஊசிப்போய்க் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவினேன். அவள் இருந்தவரை ஒருநாள்கூட நான் அதைக் கழுவியதில்லை.