மாப் பட்டியல் எழுதிய இரண்டு பேர்

இதை எழுதவென்று கொப்பியைத் திறந்து திறந்து மூடியே கன காலம் போய்விட்டது. வெட்கம் பாதி, பயம் பாதி. இன்றைக்கு முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

இங்கே கனடாவில், டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் என்னோடு ஒரு பாலஸ்தீனக்காரர் வேலை செய்தார். காசாவில் அவர் அரசாங்க உத்தியோகத்தர். சண்டைக் காலத்தில் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை மூட்டை கோதுமை மா என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வைத்தவர். இங்கே உருளைக்கிழங்கு உரித்தார்.

"மிசியே மினிஸ்டர், இந்தக் கிழங்குக்கும் ஒரு சீல் குத்துங்கோ" என்று குசினிப் பெடியள் பிரெஞ்சில் அவரை மந்திரி ஐயா ஆக்கிப் பகிடி பண்ணுவார்கள்.

"விண்ணப்பம் எங்கே? வரிசையில் வா" என்பார் அவரும்.

எனக்குச் சிரிப்பு வராது. யாழ்ப்பாணத்தில் நானும் நிவாரண அட்டை எழுதின கிளாக்கர்தான். சம்பளம் கொழும்பிலிருந்து வரும், அதிகாரம் வாசலில் துவக்கோடு நிற்பவர்களுடையது. அவருக்கும் அதே கதைதானாம். துவக்குக்காரர் வந்து தங்கள் ஆட்களைப் பட்டியலில் மேலே போடச் சொன்னால் அவர் கடைசியில்தான் எழுதுவார். அதற்கு வாங்கின அடியில் இடது காது கேட்காது. நான் மேலேயே போட்டுக் கொடுத்தவன்.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது இதை அவருக்குச் சொல்லிப்போட்டேன். கனடாவில் வேறு ஒருவருக்கும் தெரியாது. அகதி விண்ணப்பத்தில் என்னைத் தோட்டக்காரன் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிறகு அவருடைய அகதி விண்ணப்ப விசாரணை வந்தது. துவக்குக்காரருக்குக் கீழே வேலை செய்தவர் என்றால் அவர்களின் ஆள்தானே என்பது அங்கே கேள்வி. அவரை ஏற்றால்தான் மனுசியையும் மகளையும் காசாவிலிருந்து எடுக்கலாம்.

"சகோதரம், துவக்குக்குக் கீழே ஒரு கிளாக்கர் எப்பிடி வேலை செய்யிறான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தா. நீயும் இருந்தவன்" என்று எங்கள் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டார்.

"பேந்து பாப்பம், அண்ணை."

"பேந்து எண்டால் எப்ப? விசாரணை செவ்வாய்க்கிழமை."

எழுதினால் என் பொய் வெளியே வரும். புறநகர் பியர்பொன்ட்ஸில் வீடு, படிக்கிற பிள்ளைகள். செவ்வாய்க்கிழமை சுகமில்லையென்று லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். அந்த முஸ்லிம் பெயரை ஐயர் தடுமாறிச் சொல்லச் சொல்ல, என் கடமை முடிந்தது என்று மனம் ஆறியது. அப்படி ஆறியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீட்டுக்குக் காத்திருந்தபோது மனுசி இருந்த கட்டிடத்தில் குண்டு விழுந்தது. மகள் மட்டும் மிஞ்சினாள்.

மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வந்து கிழங்கு உரித்தார். நான் பக்கத்தில் போய், "கடவுள் இருக்கிறார், அண்ணை. உங்களுக்காக அர்ச்சனையும் செய்தனான்" என்றேன்.

கத்தியை வைத்துவிட்டுக் கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார். "கடவுளிட்டை நான் அஞ்சு வேளையும் கேக்கிறன். உன்னட்டைக் கேட்டது ஒரு பக்கக் கடிதம்."

அந்தக் கடிதம் இதுதான். மனுசிக்குப் பிந்திவிட்டது. மகளை இங்கே எடுக்கிற அலுவல் இன்னும் முடியவில்லை. ஆகவே வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் கொடுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, நான் தோட்டக்காரன் என்று பொய் எழுதினதையும் பெயர்களை மேலே போட்டதையும் வெட்டிவிட வேண்டாம். அதை வெட்டினால், அவர் துவக்குக்காரரின் ஆட்களைக் கடைசியில் எழுதினதற்கு என் சாட்சி செல்லாது.