வாஷி பாலத்தில் எஸ்தருக்கு வந்த பூ

எஸ்தர் போய்விட்டாள் என்று அவள் தம்பி போன் செய்தபோது நான் மும்பை செம்பூர் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். தூக்கத்திலேயே மாரடைப்பாம். அங்கேயே அழுதேன். அழும்போதே, இவள் சாவுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்றும் யோசித்தேன். அவளுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும், அவளை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள்மேல் எனக்குப் பொறாமை.

ஐரோலியில் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்களாக இருந்தோம். நான் செம்பூரில் ஏறுவேன், அவள் கோவண்டியில். ரயில் வாஷி பாலத்தில் ஏறியதும் லேடீஸ் பெட்டியின் வாசலுக்குப் பெண்கள் போவார்கள். வீட்டுப் பூஜையில் வாடிய பூவைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வந்து, கும்பிட்டுவிட்டுக் கழிமுகத்தில் எறிவார்கள். அதைத் தடுக்க முதலில் வாய் திறந்தவள் நான்தான்.

"போடாதீங்க, கீழ தண்ணி ஏற்கெனவே நாறிக் கெடக்கு" என்றேன்.

"அப்போ சாமிப் பூவ குப்பையில போடச் சொல்றியா?" என்று லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து வரும் அக்கா ஒருத்தி பிடித்துக்கொண்டாள். பெட்டி முழுக்க அவள் பக்கம்.

எஸ்தர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. மடியில் துப்பட்டாவை விரித்தாள். "எங்கிட்ட தாங்க. எங்க மாடித் தொட்டியில செடிக்குப் போடுதேன்." ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளிடம் சாமிப் பூவைக் கொடுத்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருக்கும் என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் பாலத்துக்குக் கீழே சேற்றில் ஃபிளமிங்கோப் பறவைகள் கூட்டமாக நின்றன. எல்லோரும் எஸ்தரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நம் சாக்கடையில் கொழுக்கும் பாசியைத் தின்னத்தான் இவை வருகின்றன என்று வேண்டுமென்றே சொன்னேன்.

"தெரியும்க்கா. கெடுத்ததும் நாமதான், பந்தி வச்சதும் நாமதான்" என்று சிரித்தாள். பெட்டியும் சேர்ந்து சிரித்தது.

விடவில்லை நான். "இத்தன பூ வாங்குறியே, பழைய தண்ணி திரும்ப வந்துருமா?"

"வராதுக்கா. போனது போனதுதான். இந்தப் பை மட்டும் இன்னைக்குப் போகலைல்லா?"

அடக்கம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், எப்போதாவது எங்கள் பெட்டியில் ஏறும் மராத்திக்கார அம்மா பாலத்தில் என்னிடம் வந்தார். எஸ்தர் வரவில்லையா என்று ஹிந்தியில் கேட்டு, பூப் பையை நீட்டி, அவளிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

வாங்கிக்கொண்டேன். எஸ்தர் இறந்துவிட்டாள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பை தண்ணீருக்குப் போயிருக்கும், என் கைக்கு வந்திருக்காது. எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பூதான். அதுவும் அவள் பெயருக்கு வந்தது.