ஆம்பூர்க் கடைத்தெருவில் கூவிய பெயர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆம்பூர்க் கடைத்தெருவில் நடந்தது இது. அப்போது எனக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நான் பெண்கள் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து வந்தேன். என் கணவர் அவ்வூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கவனிக்கும் மேஸ்திரி. ஊரார் அனைவருக்கும் அவர் மேஸ்திரிதான். பெயர் சொல்லி அவரை அழைத்தவர் அவருடைய தாயார் ஒருவரே. அந்த அம்மையாரும் எங்கள் திருமணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்.

கணவன் பெயரை மனைவி சொல்வது அந்நாளில் எங்கள் கிறித்தவக் குடும்பங்களிலும் வழக்கமில்லை. ஆயினும் ஆலயத்தில் மணமக்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி உறுதிமொழி கூறியே ஆகவேண்டும். என் முறை வந்தபோது உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார் குருவானவர். மறுபடியும் உதடுகள்தாம் அசைந்தன. அவர் இரக்கம் கொண்டு, "சரி, கர்த்தருக்குக் கேட்டிருக்கும்" என்று சொல்லி மேலே படித்தார். ஆலயம் முழுதும் சிரித்தது. என் அருகில் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருந்து வந்தது.

அவருக்கு மோட்டார் சைக்கிள் மீது தீராத ஆசை. ஊரை விட்டுப் போன துரை ஒருவர் கழித்துப் போட்ட வண்டியைத் தம் ஓய்வு நேரமெல்லாம் செலவிட்டு உயிர்ப்பித்திருந்தார். அதன் இடப்பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒருவர் அமரும் பெட்டி ஒன்றையும் பிரம்பாலும் எருமைத் தோலாலும் தாமே கட்டிப் பொருத்தினார். சைட்கார் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது தொட்டில் போலத் தோன்றிற்று.

அவ்வாண்டு சென்னை மோட்டார் சங்கத்தார் சிலர் புதியவர்களுக்கென்று ஓர் ஓட்டம் வைத்தனர். வேலூர்க் கோட்டை மைதானத்தில் புறப்பட்டு, வாணியம்பாடி வரை சென்று திரும்ப வேண்டும். அது வேகப் போட்டியன்று. வாணியம்பாடியில் விட்ட இடைவேளை தவிர, வழியில் எங்கும் வண்டி நிற்கக் கூடாது, அதுவே சோதனை. நில்லாமல் வந்து சேர்ந்தவர்களைப் பெங்களூர் வரை நடக்கும் பெரிய ஓட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். என் கணவர் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு உண்டார், உறங்கினார்.

பெட்டியில் அமர வேண்டியவர் அவருடைய தோழர். தோல் மண்டியில் தோல்களைத் தரம் பிரிக்கும் முஸ்லிம் அன்பர். வளைவுகளில் உடலைச் சாய்த்து எடை கொடுப்பதும், ஓட்டுகிறவர் கண்ணுக்குப் படாத பெட்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வருவதும் அவர் வேலை. இரைச்சலில் பேச்சுக் கேட்காதாகையால், பெட்டியின் விளிம்பில் தகரம் ஒன்றைப் பதித்து, ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாக, விடாமல் தட்டினால் நிறுத்து என்று ஏற்பாடு செய்தவரும் அவரே. ஓட்டத்துக்கு முந்தின நாள் மாலை, அவர் போர்வையைப் போர்த்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, ஜுரம் அடிக்குது. ஒடம்பு பேஜாராப் பூடுச்சு. வேற ஆளப் பாரு."

"வேற ஆளுக்கு நான் எங்கப் போவேன்? இந்த வேலையக் கத்துக்கினவன் நீ ஒருத்தன்தான்."

என் கணவரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "சக்கரத்தப் பாக்கணும், தகரத்தத் தட்டணும், அவ்ளோதானே? நான் வர்றேன்" என்று உள்ளிருந்தே சொன்னேன்.

"நீயா? மண்ணுல மாட்டிக்கினா எறங்கித் தள்ளணும்" என்றார் கணவர்.

"ஒரு வகுப்புப் பிள்ளைங்களத் தெனம் தள்ளிக்கினுதானே இருக்கேன்?"

தோழர் ஜுரத்தையும் மறந்து சிரித்தார். "தங்கச்சி வந்தா எடை கம்மி, மேஸ்திரி. வண்டி பறக்கும், பாரு!"

மறுநாள் காலையில் கோட்டை மைதானத்தில் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கண்டு திகைத்து, தம் விதிகளைப் புரட்டினார். இருவர் செல்ல வேண்டும் என்றிருந்ததேயன்றி, இருவரும் ஆண்களாக வேண்டும் என்றில்லை.

"இவங்க பயப்பட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்க பயம்" என்றார் என் கணவர்.

தலையைத் துண்டால் இறுகக் கட்டி, சேலையை வரிந்து செருகிக்கொண்டு அமர்ந்தேன். முதல் வளைவிலேயே சாய வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, இருவரையும் புளியமரத்துக்குக் காணிக்கையாக்கப் பார்த்தேன். பள்ளிகொண்டாவுக்குள் வேலை பிடிபட்டுவிட்டது. வழியில் டயர் வெடித்து ஒரு வண்டி நின்றிருந்தது. அனல் கக்கிய மற்றொன்றுக்கு அதன் சொந்தக்காரர் விசிறிக்கொண்டிருந்தார். நாங்கள் அவர்களைக் கடந்து சென்றபோது, எனக்கே அடக்க முடியாத பெருமிதம் உண்டாயிற்று. வாணியம்பாடி இடைவேளையில் அவர் ஒவ்வொரு மரையாணியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, என் புழுதி படிந்த முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் வர்ற" என்றார். அவர் வாயிலிருந்து நான் பெற்ற முதல் பாராட்டு அது.

திரும்பும் வழியில், ஆம்பூர் எல்லைக்குள் நுழைந்தபோது, பெட்டிச் சக்கரம் மெல்ல ஆடுவதைக் கண்டேன். பாதையின் குழிதான் காரணம் என்று எண்ணிக்கொண்டேன். குழி கடந்த பின்னும் அது ஆடியது. அச்சின் நுனியில் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் மரை கழலாமல் காக்கும் ஆணியைக் காணோம். மரை சுழன்று சுழன்று வெளியே வந்துகொண்டிருந்தது.

தகரத்தின் மேல் வைத்த என் கை தயங்கிற்று. நான் பார்த்தது தவறாயிருந்தால்? நின்றுவிட்டால் அவருடைய பெங்களூர் ஓட்டம் போயிற்று. அவர் அந்த ஆசையை எப்படி வளர்த்து வந்தார் என்பதை அறிந்தவள் நான். கடைத்தெருவுக்கு அப்பால் ஓடைப் பாலத்துச் சரிவு இருந்தது. அங்கே சக்கரம் கழன்றால் இருவரும் ஓடைக்குள்தான். தட்டத் தொடங்கினேன்.

ஆனால் அதற்குள் கடைத்தெரு எங்களைச் சூழ்ந்துகொண்டது. தொழிற்சாலையே திரண்டு வந்து சாலையின் இரு பக்கமும் நின்றிருந்தது. மேளம் முழங்கியது. போர்வை போர்த்திய தோழர் எல்லாருக்கும் முன்னால் நின்று, மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை உயிரை விட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "மேஸ்திரி! வுடாத மேஸ்திரி!" என்று நூறு குரல்கள். என் தட்டல் அந்தத் தட்டல்களுள் கரைந்து போயிற்று. "இன்னாங்க! இன்னாங்க!" என்று கத்தினேன். அதை எந்தப் பெண்ணும் எவரையும் அழைப்பதாகக் கொள்ளலாம். அவர் வாழ்த்துகளை ஏற்றுத் தலையை அசைத்து, முன்னே பார்த்துச் சென்றுகொண்டிருந்தார். பாலம் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது அவருடைய பெயரைச் சொல்லிக் கூவினேன். வகுப்பறையின் கடைசி வரிசையையும் கடந்து மைதானம் வரை செல்லும் என் முழுக்குரலில் கூவினேன்.

நெடுநாளாக எவரும் அழைக்காத பெயர். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே வண்டியை இழுத்து நிறுத்தினார். நின்ற வேகத்தில் மரை கழன்று உருண்டோடியது. சக்கரம் சற்றே யோசித்துவிட்டு அச்சிலிருந்து நழுவிப் படுத்தது. பெட்டி என்னோடு ஒருபுறம் மெதுவாய்ச் சாய்ந்து தரையில் அமர்ந்தது. மேளம் நின்றது. அந்த நிசப்தத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு பெண் சொன்னது தெருவுக்கே கேட்டது:

"அடியாத்தே! நடுரோட்டுல புருஷன் பேரச் சொல்லிட்டாளே!"

தோழர் தகரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். சக்கரத்தைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். "சொல்லலேன்னா அவ சொல்றதுக்குப் புருஷனே இருந்திருக்க மாட்டான். வாய மூடிக்கினு போம்மா" என்று அந்தப் பெண்ணை அதட்டினார். பிறகு தாம் தட்டிய தகரத்தின் ஒலிதான் என் தட்டலை மறைத்தது என்பது விளங்கவே, அழுகிறாரா ஜுரத்தில் நடுங்குகிறாரா என்று தெரியாதபடி நின்றார்.

தொழிலாளர்கள் நான் இறங்கவும் விடாமல் என்னோடு பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, சக்கரம் மீண்டும் ஏறியது. நாங்கள் வேலூரை அடைந்தபோது சங்கத்தார் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தனர். வண்டி நின்றதை என் கணவரே அவர்களிடம் சொன்னார். பெங்களூர் ஓட்டம் இல்லை என்றாயிற்று.

வீடு திரும்பும் வழியில் நான் அழத் தொடங்கினேன். அவர் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"நான்தான் உங்க ஆசையக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"அன்னிக்குக் கோயில்ல நீ எம்பேரச் சொன்னியா இல்லியான்னு எனக்கு ஒரே சந்தேகம். இஷ்டமில்லாமக் கட்டிக்கினியோன்னுகூட நெனச்சேன்" என்றார். பிறகு நெடுநேரம் சிரித்தார்.

அடுத்த ஆண்டும் ஓட்டம் வந்தது. தோழர் நல்ல உடல்நலத்தோடு வந்து தம் இடத்தைக் கேட்டார். "இல்ல தோஸ்த், அவதான் வருவா" என்றார் என் கணவர். பெட்டியின் விளிம்பிலிருந்த தகரத்தை அவர் முன்பே பிடுங்கிவிட்டிருந்தார். அவ்வாண்டு எங்கும் நில்லாமல் வந்து சேர்ந்தோம், பெங்களூருக்கும் போனோம்.

இன்னொரு முறை அந்தப் பெயரைக் கூவும் தேவை இதுவரை எனக்கு நேரவில்லை; இங்கே எழுதவும் கை கூசுகிறது. ஆயினும் ஆலயத்தில் எவருக்கும் கேட்காமல் முணுமுணுத்த உறுதிமொழியை, ஆம்பூர்க் கடைத்தெருவில், ஊரெல்லாம் சாட்சியாக நிற்க, வாய்விட்டுச் சொல்லி முடித்தேன் என்றே இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.