வலோரியாவின் கீழ்க்கட்டில்

வலோரியா கப்பலில் ஹனோரா கெரட்டி ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் அவள் கைபட்ட துணி இல்லாமல் அங்கே ஒரு வேளை சாப்பாடு நடந்ததில்லை. கப்பல் நியூயார்க் போய் லிவர்பூல் திரும்பும்போதெல்லாம் மேசைவிரிப்புகள் மூட்டை மூட்டையாகச் சலவைச்சாலைக்கு வரும். கிழிசல் தைப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடம். ஒயின் சிந்தியிருக்கும் விதத்தை வைத்தே கடல் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுவாள். போரில் அது ஆஸ்பத்திரிக் கப்பலானபோது வந்த கறைகளைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

கணவன் மார்ட்டின் அதே கப்பலில் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவன். அவன் படுக்கையிலிருந்து ஒரு துணிகூடச் சலவைக்கு வந்ததில்லை. கரிக்காரர்கள் வைக்கோல் மெத்தையைத் தாங்களே சுமந்துகொண்டு ஏறுவார்கள்.

"மேல துரைமாருக்கு நீ வெள்ளை விரிப்பு தைக்கிற, கீழ உன் புருஷன் மாடு மாதிரி வைக்கோல்ல புரள்றான்" என்று சிரிப்பான். "கடைசி வரிசை, கீழ்க்கட்டில். மேக்கட்டிலுக்கு அடியில ஒரு ஓட்டைக் குழாய். விடிய விடிய நெத்தியிலயே சொட்டும்."

1913 ஆகஸ்டில் உலை வெக்கையில் சுருண்டு விழுந்து இறந்தவனை நடுக்கடலிலேயே தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. அந்தக் கட்டில் ஒன்றுதான் மிச்சம்.

1934இல் கப்பலை உடைக்க விற்றுவிட்டு, அதற்குமுன் ஒரு நாள் ஊருக்குத் திறந்துவிட்டார்கள். அன்றுதான் ஹனோரா முதல்முறையாக அதில் ஏறினாள். கூட வேலை செய்த டிலிஸும் வந்தாள்.

"நல்ல ஷூவை மாட்டிக்கிட்டு கரிக்குழிக்கா போவே? மேல வாடி, நம்ம துணி விரிச்ச மேசையையாவது பாப்போம்."

"மேசையை நீ பாரு."

கீழே இறங்கும் படியில் காவலாள் தடுத்தான். "கீழ என்னம்மா இருக்கு? உலைக்கு எண்ணெய் வந்தப்பவே கரியெல்லாம் போச்சே."

"கட்டிலும் போச்சா?"

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். "அது கெடக்கு, துருப்பிடிச்சு." விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். முணுமுணுத்துக்கொண்டே டிலிஸும் இறங்கினாள்.

கடைசி வரிசை. குழாய் எப்போதோ வறண்டிருந்தது. ஆனால் கீழ்க்கட்டிலின் இரும்புத் தகட்டில், தலைமாட்டில், உள்ளங்கையளவுக்கு வட்டமாக ஒரு துருக்கறை. கறை பார்த்தே வாழ்ந்தவளுக்கு வேறு அடையாளம் வேண்டியிருக்கவில்லை.

பையிலிருந்து, சலவைச்சாலையில் கழித்துவிட்ட மேசைவிரிப்பொன்றை எடுத்து உதறி விரித்தாள். டிலிஸ் மறுமுனையைப் பிடித்துச் சுருக்கம் நீக்கினாள்.

"திங்கக்கிழமை கப்பலை இழுத்துட்டுப் போறாங்கம்மா. இதை இங்கயே விட்டுட்டா போறீங்க?" என்றான் காவலாள்.

"இருக்கட்டும்ப்பா. அதுவரைக்குமாவது வெள்ளைத் துணியில படுக்கட்டும்."